ரோமானியச் சுவரோவியங்களில் நிறமியைக் கண்டறிவது எப்படி? தொடங்குவோருக்கான வழிகாட்டி

இத்தாலியில் உள்ள பழைய ரோமானிய நகரமான போம்பேயில் ஒரு சிவப்புச் சுவர் முன்னால் நிற்கிறீர்கள். அந்தச் சிவப்பு, இரும்புள்ள மண்ணான செங்காவியாக இருக்கலாம். பாதரசமும் கந்தகமும் சேர்ந்த சாதிலிங்கமாகவோ ஈயச் செந்தூரமாகவோ இருக்கலாம். கி.பி. 79-ல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது சூடேறிச் சிவந்துபோன மஞ்சள் காவியாகவும் இருக்கலாம். போன நூற்றாண்டில் பழுதுபார்த்தவர் பூசிய கடைச் சாயமாகக்கூட இருக்கலாம். கண்ணால் மட்டும் பார்த்து இந்த ஐந்தையும் பிரித்துச் சொல்ல முடியாது. கருவியை வைத்து, திரையில் 'இரும்பு' என்று வந்ததும் 'காவி' என்று எழுதிவிடுவதுதான் புதிதாக வருபவர்கள் செய்யும் முதல் தவறு. தனிமம் வேறு, நிறமி வேறு. இரும்பு சாந்து மணலிலும் இருக்கும், சுவரில் படிந்த மண்ணிலும் இருக்கும், அடியில் மறைந்திருக்கும் வேறொரு பூச்சிலும் இருக்கும்.

அதனால் இந்த வேலையில் கருவியைவிட வரிசைதான் பெரிது. முதலில் தொடாமல் பார்க்க வேண்டும், பிறகு தொடாமல் அளக்க வேண்டும், அதற்கும் பதில் கிடைக்காத கேள்விக்கு மட்டும் துணுக்கு எடுக்க வேண்டும். ஒவ்வொரு படியும் அடுத்த படியை எங்கே செய்வது என்று காட்டும். வரிசையை மாற்றினால் சுவரும் வீண், நாளும் வீண்.

சுவரில் என்னென்ன இருக்கக்கூடும்

ரோமானிய ஓவியர் ஈரச் சுண்ணச்சாந்தின் மேல் நிறமியை நீரில் குழைத்துப் பூசினார். சாந்திலுள்ள சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சிக் கால்சியம் கார்பனேட்டாக இறுகும்போது நிறமித் துகள்களையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. கரடான முதல் பூச்சுக்கு மேல் மணற்சாந்து மூன்று, பளிங்குத்தூள் சாந்து மூன்று என்று அடுக்கச் சொல்கிறார் ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ். உண்மையான சுவர்களில் பெரும்பாலும் அதைவிடக் குறைவான அடுக்குகளே இருக்கும். எத்தனை அடுக்கானாலும் சரி, எங்கே அளந்தாலும் கால்சியம் வரும். அதைப் பின்னணியாகக் கொள்ளுங்கள். வெள்ளை நிறமிக்கு அது சான்றாகாது.

வண்ணங்களின் பட்டியல் சிறியதுதான். சிவப்புக்குச் செங்காவி, சாதிலிங்கம், ஈயச் செந்தூரம். மஞ்சளுக்கு மஞ்சள் காவி, அபூர்வமாக அரிதாரம் என்ற ஆர்சனிக் கனிமம். பச்சைக்குப் பச்சை மண், சில இடங்களில் மலக்கைட் என்ற தாமிரக் கனிமம். நீலத்துக்குப் பெரும்பாலும் எகிப்திய நீலம். கறுப்புக்குப் புகைக்கரி, மரக்கரி, எலும்புக்கரி. வெள்ளைக்குச் சுண்ணாம்பு, பளிங்குத்தூள், கால்சியம் கார்பனேட்டின் இன்னொரு வடிவமான அரகோனைட். இவற்றோடு மஞ்சிட்டி வேரிலிருந்தும் கடல் சங்குப்பூச்சியிலிருந்தும் எடுத்த கரிமச் சாயங்கள்.

இவற்றில் சாதிலிங்கத்துக்குத் தனி இடம் உண்டு. அதன் விலை சட்டப்படி ராத்தல் ஒன்றுக்கு 70 செஸ்டர்ஸ் என்ற ரோமானிய நாணயங்களைத் தாண்டக்கூடாது என்றிருந்ததாக ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதுகிறார். இத்தகைய விலையுயர்ந்த வண்ணங்களை ஓவியரின் கூலிக்குள் சேர்க்காமல் வீட்டுக்காரரே வாங்கித் தந்தார். ஆகவே ஒரு அறையில் சாதிலிங்கத்தை உறுதிசெய்யும்போது அந்த வீட்டின் பணப்பெட்டியையும் கொஞ்சம் திறந்து பார்க்கிறோம். இதைத் தவறாகச் சொன்னால் வரலாறும் தவறாகிவிடும்.

முதலில் ஒரு பழகு ஓடு

இரண்டாயிரம் வருடச் சுவரில் கருவி பழகக் கூடாது. ஒரு அடி சதுரச் சுட்ட ஓட்டை இரவு முழுக்க நீரில் ஊறவையுங்கள். நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பு விழுது ஒரு பங்கு, கழுவிய மணல் மூன்று பங்கு கலந்து 8 முதல் 10 மில்லிமீட்டர் கனத்தில் பூசுங்கள். அது விரல் பதியாத அளவுக்கு இறுகியதும், ஒரு பங்கு சுண்ணாம்புக்கு ஒன்றரைப் பங்கு பளிங்குத்தூள் கலந்து 3 மில்லிமீட்டருக்குப் பூசிக் கரணையால் அழுத்தித் தேயுங்கள். ஈரம் இருக்கும்போதே தெரிந்த நிறமிகளைக் கட்டம் கட்டமாகப் பூசுங்கள். இரண்டு கட்டங்கள் கட்டாயம் வேண்டும்: மஞ்சள் காவிக்கு மேல் சாதிலிங்கம் ஒன்று, சாதிலிங்கமும் செங்காவியும் கலந்தது இன்னொன்று. ஏன் என்பது எக்ஸ்-கதிர் படியில் புரியும். நான்கு வாரமாவது நிழலில் இறுகட்டும். சாதிலிங்கத்தில் பாதரசமும், அரிதாரத்தில் ஆர்சனிக்கும், செந்தூரத்தில் ஈயமும் உள்ளன. உலர்ந்த தூளாக அரைக்காதீர்கள். கையுறையும் தூசுக் கவசமும் இல்லாமல் தொடாதீர்கள்.

படி 1: வெளிச்சத்தை மாற்றி மாற்றிப் பார்ப்பது

விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால், நேர் வெளிச்சத்தில் தெரியாத பலவும் எழும்பி வரும். நூல் அழுத்திய கோடு, கவராயம் குத்திய துளை, ஒரு நாள் பூசிய சாந்தும் மறுநாள் பூசியதும் சேரும் விளிம்பு எல்லாம் தெரியும். நிறம் உதிர்ந்த இடங்களில் அடியில் வேறு நிறம் எட்டிப் பார்க்கிறதா என்று கவனியுங்கள். அதுதான் பின்னால் உங்களைக் காப்பாற்றும் குறிப்பு.

அடுத்து 365 நானோமீட்டர் புற ஊதா விளக்கு, பாதுகாப்புக் கண்ணாடியோடு. மஞ்சிட்டிச் சாயம் ஆரஞ்சு கலந்த இளஞ்சிவப்பாக ஒளிரும். பழைய மெழுகுப் பூச்சுகளும் பிசின்களும் திட்டுத் திட்டாகத் தெரியும். துத்தநாக வெள்ளை மஞ்சள்பச்சையாக ஒளிர்ந்தால் அந்த இடம் நவீனப் பழுதுபார்ப்பு. பழுதுபார்த்த பகுதிகளை இப்போதே வரைபடத்தில் கோடிட்டு ஒதுக்கிவிடுங்கள்.

படி 2: எகிப்திய நீலத்தைப் படமெடுப்பது

இந்தத் துறையில் குறைந்த செலவில் மிக அதிகப் பலன் தரும் உத்தி இதுதான். எகிப்திய நீலம் கால்சியம் தாமிர சிலிக்கேட். மணல், தாமிரம், சுண்ணாம்பு, காரம் சேர்த்து ஏறக்குறைய 850 முதல் 1000 டிகிரி செல்சியஸில் சுட்டுச் செய்தது. இதன் மேல் சிவப்பு வெளிச்சம் பட்டால் 910 நானோமீட்டர் அருகே கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பை உமிழ்கிறது. கேமராவுக்கு அது தெரியும்.

தேவையானவை: அகச்சிவப்புத் தடுப்பு வடிகட்டி நீக்கிய கேமரா, லென்ஸுக்கு முன் 830 நானோமீட்டருக்கு மேல் மட்டும் விடும் வடிகட்டி, 630 நானோமீட்டர் அளவிலான சிவப்பு எல்.இ.டி. விளக்குகள் இரண்டு, முக்காலி, முழு இருட்டு. வெயிலிலும் ஹாலஜன் விளக்கிலும் அகச்சிவப்பு நிறைய உண்டு. கதவிடுக்கில் ஒரு கீற்று வந்தாலே படம் கெட்டுவிடும். முதலில் சாதாரண வெளிச்சத்தில் ஒரு படம், பிறகு கேமராவை அசைக்காமல் வடிகட்டி போட்டு சில நொடிகள் திறந்துவைத்த படம். அகச்சிவப்பில் குவியம் தள்ளிப்போகும்; லென்ஸின் துளையை எஃப் 8-க்குச் சுருக்கி, நேரடித் திரையில் பெரிதாக்கிப் பார்த்துச் சரிசெய்யுங்கள்.

படத்துக்குள் ஒரு மூலையில் 99 சதவீதம் பிரதிபலிக்கும் வெள்ளை அளவுவில்லை கட்டாயம் இருக்க வேண்டும். படத்தில் அது கறுப்பாக வந்தால், பளிச்சென்று தெரியும் இடமெல்லாம் உண்மையான உமிழ்வு. வில்லை சாம்பல் நிறமாகத் தெரிந்தால் வெளிச்சம் எங்கோ கசிகிறது. அந்தப் படத்தை வைத்து எதையும் சொல்லாதீர்கள்.

படம் சரியாக வந்தால் பலருக்கும் வியப்பாக இருக்கும் ஒன்றைப் பார்ப்பீர்கள். நீலமாகவே தெரியாத இடங்களும் மின்னும்: வெள்ளை ஆடையின் மடிப்பு, கண்ணின் வெண்மை, தோலின் நிழல். வெண்மையைக் குளிர்ச்சியாகக் காட்ட ஓவியர் ஒரு சிட்டிகை நீலம் சேர்த்திருக்கிறார். தனித்தனித் துகள்கூட நட்சத்திரம்போல நிற்கும். ஆனால் ஒரு எச்சரிக்கை: காட்மியம் மஞ்சளும் காட்மியம் சிவப்பும் அகச்சிவப்பில் ஒளிரும். அவை 19, 20-ஆம் நூற்றாண்டுச் சரக்கு. சாதாரணப் படத்தில் மஞ்சளாகவோ சிவப்பாகவோ இருந்து இங்கே சீராக ஒளிரும் திட்டு வந்தால் பழுதுபார்ப்பைச் சந்தேகியுங்கள்.

படி 3: எக்ஸ்-கதிர் ஒளிர்வு அளவீடு

எக்ஸ்-கதிர் பட்டால் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றல்களில் ஒளிரும்; நிறமாலையில் அவை கோடுகளாகத் தெரியும். கையடக்கக் கருவியை 40 கிலோவோல்ட்டில், ஒரு புள்ளிக்கு 60 முதல் 120 நொடி வைத்தால் போதும். ஒவ்வொரு நிறத்துக்கும் மூன்று புள்ளி, அதோடு நிறமே இல்லாத வெறும் சாந்தில் மூன்று புள்ளி. வெறும் சாந்தை அளக்காமல் வந்துவிட்டால் மற்ற அளவீடுகளுக்குப் பொருளே இல்லை. நிறத்தில் தெரிந்த இரும்பு, சாந்தில் உள்ளதைவிட அதிகமா என்று எப்படிச் சொல்வீர்கள்? கருவியின் மூக்குக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியை ஒரே அளவில் வையுங்கள். ஒரு மில்லிமீட்டர் கூடினாலும் லேசான தனிமங்களின் அளவு சரிந்துவிடும்.

தேடவேண்டிய கோடுகளை மனப்பாடம் செய்துகொள்வது நல்லது. கிலோ எலக்ட்ரான்வோல்ட் கணக்கில் கால்சியம் 3.69, இரும்பு 6.40, தாமிரம் 8.05, பாதரசம் 9.99, ஈயம் 10.55, ஸ்ட்ரான்சியம் 14.14. இவற்றில் பொறிகள் உண்டு. ஆர்சனிக்கின் முதல் கோடு 10.54, கிட்டத்தட்ட ஈயத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கும். அந்த இடத்தில் உச்சி தெரிந்தால் 12.61-ஐப் பாருங்கள், அங்கேயும் இருந்தால் ஈயம் உண்டு, இல்லாவிட்டால் ஆர்சனிக். ஆர்சனிக்கின் இரண்டாம் கோடு 11.73, பாதரசத்தின் 11.82, புரோமினின் 11.92 மூன்றும் ஒரே மேட்டில் கலந்துவிடும். கந்தகத்தின் 2.31 பாதரசத்தின் 2.20-க்கும் ஈயத்தின் 2.34-க்கும் நடுவில் சிக்கும். எனவே 'கந்தகம் வந்தது, ஆகவே சாதிலிங்கம்' என்பது செல்லாது. கருவி தானாகப் பெயர் ஒட்டும் மென்பொருளை நம்பாமல் நிறமாலையை நீங்களே கண்ணால் பாருங்கள்.

எகிப்திய நீலத்தில் தாமிரத்தோடு வெள்ளீயமும் வந்தால், செய்தவர் உருக்கியது பழைய வெண்கலத் துண்டுகளாக இருக்க வாய்ப்புண்டு. ஆனால் வெள்ளீயத்தின் 3.44 கோடு கால்சியத்தின் நிழலில் மறையும். 25.27-இல் உள்ள கோட்டைத்தான் தேட வேண்டும். அதற்கு 40 கிலோவோல்ட்டுக்குக் குறைந்தால் போதாது.

இப்போது அந்தப் பழகு ஓட்டுக்கு வருவோம். எக்ஸ்-கதிர் மேற்பரப்போடு நிற்பதில்லை. வண்ணப் பூச்சு பல சமயம் நூறு மைக்ரானுக்கும் குறைவு. சாந்துக்குள்ளிருந்து இரும்பின் ஒளிர்வு பல பத்து மைக்ரான் ஆழத்திலிருந்தும், பாதரசத்தின் ஒளிர்வு அதைவிட ஆழத்திலிருந்தும் வெளிவரும். சிவப்பில் பாதரசமும் இரும்பும் சேர்ந்து வந்தால் மூன்று கதைகள் சாத்தியம்: இரண்டும் கலந்த பூச்சு, காவிக்கு மேல் சாதிலிங்கம், அல்லது சாதிலிங்கத்தின் கீழ் இரும்புள்ள சாந்து. விலையுயர்ந்த சாதிலிங்கத்துக்கு அடியில் மலிவான மஞ்சள் காவியோ செங்காவியோ பூசி நிறத்தைத் தூக்கிக் காட்டுவது ரோமானியர் கையாண்ட முறை. ஓட்டில் நீங்கள் பூசிய இரண்டு கட்டங்களும் இந்தக் கருவியில் ஏறக்குறைய ஒரே மாதிரி தெரியும். அதை ஒரு முறை பார்த்துவிட்டால் பிறகு அவசரப்பட்டு முடிவு எழுத மாட்டீர்கள்.

குரோமியம், காட்மியம், கோபால்ட், துத்தநாகம், பேரியம் தென்பட்டால் நவீனச் சாயமா என்று கேளுங்கள். டைட்டானியம் மட்டும் தனியாகச் சான்றாகாது. காவி மண்ணிலேயே அது கொஞ்சம் உண்டு.

படி 4: பிரதிபலிப்பு நிறமாலை

ஒளியிழை வழியே வெளிச்சம் பாய்ச்சி 350 முதல் 1000 நானோமீட்டர் வரை பிரதிபலிப்பை அளப்பது விரைவான வேலை. சாதிலிங்கத்தின் வளைவு 600 அருகே சுவர்போல நிமிரும். செங்காவியின் ஏற்றம் மந்தமாக இருந்து 870 அருகே ஒரு பள்ளம் விழும். மஞ்சள் காவியில் அந்தப் பள்ளம் 920 பக்கம் தள்ளிப்போகும். இரும்பு என்ற ஒரே பதிலை முந்தைய படி தந்த இடத்தில், எந்த இரும்புக் கனிமம் என்று இது பிரித்துச் சொல்லும்.

படி 5: ராமன் நிறமாலை

லேசர் பட்டுச் சிதறும் ஒளியை அளந்து பெயரை உறுதியாகச் சொல்லும் கருவி இதுதான், நிறமியை எரித்துவிடக்கூடிய கருவியும் இதுதான். கீழே வரும் எண்களெல்லாம் சென்டிமீட்டருக்கு இத்தனை அலை என்ற கணக்கு. சாதிலிங்கம் 253, 343. செங்காவியின் ஹெமடைட் 225, 292, 411. மஞ்சள் காவியின் கோயதைட் 299, 385. ஈயச் செந்தூரம் 122, 549. கரி 1350, 1590 என இரண்டு அகன்ற மேடுகள். எலும்புக்கரியானால் 960-இல் ஃபாஸ்பேட் உச்சியும் சேரும். சாந்தின் கால்சியம் கார்பனேட்டான கால்சைட் 1086, 712. அரகோனைட் 1085 அருகே ஒத்துப்போனாலும் 705-இல் விலகும். எகிப்திய நீலத்துக்கும் 1086-இல் உச்சி உண்டு. அதைச் சாந்தின் கால்சைட்டோடு குழப்பாமல் 430-ஐத் தேடுங்கள். நீலத்துக்கு 785 நானோமீட்டர் லேசர் வேண்டாம், அதன் சொந்த அகச்சிவப்பு ஒளிர்வு பின்னணியை மூழ்கடிக்கும். 532 நல்லது.

லேசர் திறனை மாதிரியின் மேல் 0.1 மில்லிவாட்டில் தொடங்குங்கள். 1 மில்லிவாட்டைத் தாண்டாதீர்கள். மஞ்சள் காவி சூடானால் நீரை இழந்து ஹெமடைட்டாக மாறும். நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே 385 தேய்ந்து 225-ம் 292-ம் எழும். அப்படி வந்த நிறமாலையைச் 'செங்காவி' என்று பதிந்தால், வெசூவியஸ் செய்த வேலையை உங்கள் லேசரும் செய்துவிட்டது என்று பொருள். செந்தூரமும் இப்படித்தான் மஞ்சள் ஈய ஆக்சைடாகும். ஒரே புள்ளியைக் குறைந்த திறனில் இரண்டு முறை அளந்து, இரண்டும் ஒத்திருந்தால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். அளந்த பிறகு நுண்ணோக்கியில் கருகிய புள்ளி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

படி 6: துணுக்கு எடுப்பது

இதுவரை தீராத கேள்வி இருந்தால், அதற்குரிய அதிகாரிகளின் எழுத்து அனுமதியும் இருந்தால் மட்டும். இடம் ஏற்கனவே உதிர்ந்த விளிம்பாக இருக்க வேண்டும். முகம், கை, எழுத்து அருகில் கூடாது. அரை மில்லிமீட்டர் துணுக்கு போதும், ஆனால் எல்லா அடுக்குகளும் சாந்தோடு சேர்ந்து வர வேண்டும். கத்தி முனையைச் சாய்க்காமல் நேராக இறக்குங்கள். எடுத்த இடத்தை முன்னும் பின்னும் படமெடுங்கள்.

துணுக்கை எபாக்சிப் பிசினில் நிமிர்த்திப் பதித்து 24 மணி நேரம் இறுகவிட்டு, 400, 800, 1200, 4000 என்று சிலிக்கன் கார்பைடு உப்புத்தாளில் தேயுங்கள். நீர் ஊற்றித் தேய்க்காதீர்கள். சுவரில் ஊறிய உப்புகளும் ஜிப்சமும் கரைந்து ஓடிவிடும்; நிறம் கறுத்ததற்கான சான்று பல சமயம் அவற்றில்தான் இருக்கும். உலர்வாகவோ, வைட் ஸ்பிரிட் என்ற பெயிண்ட் கரைப்பான் தொட்டோ தேயுங்கள்.

நூறு மடங்கு பெரிதாக்கினால் எக்ஸ்-கதிரால் சொல்ல முடியாத பதில் கண்முன் நிற்கும். அடியில் வெள்ளைச் சாந்தில் பளிங்கின் மூலைவெட்டான பளபளப்பு, அதன்மேல் மெல்லிய மஞ்சள் பட்டை, அதற்கும் மேல் ரத்தச் சிவப்பில் சாதிலிங்கத் துகள்கள். பட்டைகளுக்கு நடுவில் எல்லை மங்கலாகக் கலந்திருந்தால் இரண்டும் ஈரத்தில் பூசியவை. கூர்மையான கோடோ, நடுவில் அழுக்குப் படலமோ தெரிந்தால் இடையில் காலம் கடந்திருக்கிறது. பிசினில் பதித்த அதே துணுக்கை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்தால் பாதரசமும் ஈயமும் வெள்ளையாக மின்னும். துகள் துகளாகத் தனிமம் கேட்கலாம்.

இன்று தெரியும் நிறம் அன்று பூசிய நிறம்தானா

மஞ்சள் காவி 250 முதல் 300 டிகிரி அளவில் சிவக்கத் தொடங்கும். போம்பேயிலும், அதே எரிமலையில் புதைந்த ஹெர்குலேனியத்திலும் மஞ்சள் தளங்கள் இப்படிச் சிவந்திருக்கின்றன. இத்தாலியத் தேசிய ஒளியியல் நிறுவனத்தின் செர்ஜியோ ஓமரினி 2011-ல் தந்த கணக்கின்படி, இன்று 246 சுவர்கள் சிவப்பாகவும் 57 மஞ்சளாகவும் தெரிகின்றன. தொடக்கத்தில் சிவப்பு 165, மஞ்சள் 138. ரோமானியர்களே மஞ்சள் காவியைச் சுட்டுச் சிவப்பாக்கியும் பயன்படுத்தியதால், வேதியியல் மட்டும் இங்கே தீர்ப்பளிக்காது. சுவரைப் பாருங்கள்: சிவப்பு விரிசலை ஒட்டி மேகம்போலப் பரவி, அதே தளத்திலேயே மஞ்சளாக மங்குகிறதா? ஓவியர் கை அப்படிப் பூசாது, வெப்பம் அப்படித்தான் பரவும்.

சாதிலிங்கத்தின் சிக்கல் வேறு. எழுத்தர் ஃபேபரியஸ் அவென்டைன் குன்றில் இருந்த தன் வீட்டின் திறந்த முற்றத்தில் சாதிலிங்கம் பூசினார், 30 நாளில் அது கறுத்துப்போனது என்று விட்ருவியஸ் எழுதிவைத்திருக்கிறார். வெளிச்சமும் குளோரினும் சேர்ந்து பாதரச குளோரைடுகளை உண்டாக்குவதையும், காற்றிலுள்ள கந்தகம் கால்சைட்டை ஜிப்சமாக்கி அழுக்கைப் பிடித்துவைப்பதையும் இன்றைய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கறுத்த இடத்தில் குளோரின் தேடும்போது கவனம்: உங்கள் எக்ஸ்-கதிர்க் குழாய் ரோடியமானால், ரோடியத்தின் 2.70 கோடு குளோரினின் 2.62-ஐ மறைத்துவிடும். குளோரினை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் உறுதிசெய்யுங்கள்.

கரிமச் சாயங்கள் மேலே சொன்ன எக்ஸ்-கதிருக்குப் பெரும்பாலும் தெரியாது. சங்குச் சாயத்தில் புரோமின் உண்டு, ஆனால் 11.92 கோட்டைப் பாதரசம் மறைக்கும் என்பதை நினைவில் வையுங்கள். இந்தியாவிலிருந்து வந்த 'இண்டிகம்', அதாவது நம் அவுரி, ரோமாபுரிச் சந்தையில் கலப்படமாயிற்று. உண்மையானதைத் தணலில் போட்டால் ஊதா நிறச் சுடர் எழும் என்கிறார் பிளினி. இன்று அந்த வேலையை, சாயத்தைக் கரைத்துக் கூறுகளைப் பிரித்துக் காட்டும் நீர்ம நிறப்பிரிகை செய்கிறது. மெழுகோ புரதமோ கிடைத்தால் உடனே 'ரோமானியப் பசை' என்று எழுதாதீர்கள். அகழ்ந்த பிறகு காப்பதற்காகப் பல சுவர்களில் மெழுகும் அக்ரிலிக் பிசினும் பூசியிருக்கிறார்கள்.

பதிவு எழுதுவது

எந்தப் படியில் எது தெரிந்தது என்பதைப் பிரித்து எழுதுங்கள். எக்ஸ்-கதிர் மட்டும் செய்திருந்தால் 'இரும்பு சார்ந்த சிவப்பு' என்பதோடு நிறுத்துங்கள். ராமனும் ஒத்தால் 'ஹெமடைட்'. பிசினில் பதித்துத் தேய்த்த துணுக்கின் வெட்டுமுகமும் பார்த்திருந்தால்தான் அடுக்கைப் பற்றிப் பேசலாம். நல்ல பதிவு ஒன்று இப்படி இருக்கும்: 'வடக்குச் சுவர், நடுத்தளம், புள்ளி 14. எக்ஸ்-கதிர்: பாதரசம், இரும்பு, வெறும் சாந்தைவிட இரும்பு அதிகம். ராமன், 785 நானோமீட்டர், 0.5 மில்லிவாட், இரண்டு முறை: 253, 343. வெட்டுமுகம்: மஞ்சள் பட்டைக்கு மேல் சாதிலிங்கம், எல்லை மங்கல். மஞ்சள் பட்டையின் கனிமம் தனியே அளக்கப்படவில்லை.'